பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள்: கைவினைக் கௌபாய் பூட்ஸ் வாங்குவோருக்கு ஓர் ஒப்பீடு

கௌபாய் பூட்ஸ் விற்கும் கடைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணை இழுப்பது கணுக்காலுக்கு மேல் எழும் தண்டில் ஓடுகிற தையல்தான். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகத் தீக்கொழுந்து போலவும் கொடி போலவும் நான்கு வரிசை, ஆறு வரிசை, பத்து வரிசை என்று நூல் ஓடும். அதன் முன் மயங்கி நிற்பதில் தவறே இல்லை, நானும் நிற்பேன். ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன்னால் அந்தப் பூட்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். குதிக்கும் முன்பாதத்துக்கும் நடுவே, உள்ளங்கால் குழிந்து வரும் இடத்தில், அடித்தோலின் இரு ஓரங்களிலும் அரிசி மணியைவிடச் சிறிய வெளிறிய புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றனவா? விரல் நுனியால் தடவினால் தோலுக்கும் அவற்றுக்கும் வேறுபாடு தெரியாத அளவுக்கு வழவழப்பாக இருக்கின்றனவா? அப்படியானால் நீங்கள் கையில் வைத்திருப்பது கவனித்துப் பார்க்கத் தகுந்த பொருள்.

அந்தப் புள்ளிகள் லெமன்வுட் என்னும் மரத்தில் செதுக்கிய ஆணிகளின் தலைகள். ஈரம் பட்டுத் தோல் ஊதும்போது மரமும் ஊதுகிறது. காயும்போது இரண்டும் சேர்ந்தே சுருங்குகின்றன. இரும்பு ஆணி அப்படி இணங்கிப் போகாது. துருப்பிடித்துத் தன் துளையைத் தானே பெரிதாக்கிவிடும். பூட்ஸ் தைப்பவர் குத்தூசியால் ஒவ்வொரு துளையாகப் போட்டு, ஒவ்வோர் ஆணியாகச் சுத்தியலால் இறக்கி, உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை அரத்தால் மழித்துவிடுவார். இவ்வளவு வேலையும் நடந்தபின் காலில் போட்டுக்கொண்டால் யாருக்கும் அது தெரியாது. நடக்கிறவருக்கு மட்டுமே தெரியும்.

நான் வாணியம்பாடியில் வளர்ந்தவன். தோல் பதனிடும் வாசனை எனக்குப் பள்ளிக்கூட வாசனையைவிடப் பழையது. டெக்சஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவுக்கு வேலைக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஊரில் பூட்ஸ் வேடிக்கைப் பொருள் அல்ல. திருமணத்துக்கும் நீதிமன்றத்துக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் போட்டுக்கொண்டு போகிற காலணி அது. டெக்சஸ் சட்டமன்றம் 2007இல் அதை மாநிலத்தின் அதிகாரபூர்வக் காலணியாகவே அறிவித்தது. இங்கே குடியேறிய தமிழர்களில் பலர் ஒரு ஜோடியாவது வாங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். இதுவரை நான்கு வழிகளில் நான்கு ஜோடி வாங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

முதலில், இந்தக் காலணியின் ஒவ்வோர் உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பது பாதி விளங்கிவிடும். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தபின், டெக்சஸ் மாடுகளை நூற்றுக்கணக்கான மைல் ஓட்டிச்சென்று கான்சஸ் மாநிலத்து ரயில் நிலையங்களில் ஏற்றினார்கள். மாதக்கணக்கில் குதிரைமேல் இருந்த அந்த ஆட்களுக்காக 1870களில் உருவானது இந்தப் பூட்ஸ். சேணத்தில் தொங்கும் கால் வளையமான அங்கவடிக்குள் கால் சட்டென்று நுழைய முனை ஒடுக்கம். நுழைந்த கால் அப்படியே ஊடுருவிப் போய்விடாமல் தடுக்க உயர்ந்த குதி. முள்ளும் பாம்பும் தீண்டாதிருக்க உயரமான தண்டு. கட்டும் கயிறு கிடையாது. குதிரை தூக்கி எறிந்து கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டால், பூட்ஸைக் கழற்றிவிட்டாவது ஆள் உயிர்தப்ப வேண்டும். தண்டின் தையல்கூட வெறும் அழகுக்கு வந்ததல்ல. வரிசை வரிசையாகத் தைத்தால் தோல் விறைப்பு பெற்றுக் கணுக்கால்மேல் சரிந்து மடியாமல் நிற்கும்.

கயிறு இல்லை என்பதுதான் வாங்குகிறவருக்கு முக்கியமான செய்தி. சாதாரண ஷூ கொஞ்சம் பெரிதாக இருந்தால் கயிற்றை இறுக்கிக்கொள்ளலாம். இந்தப் பூட்ஸைக் காலில் நிறுத்துவது மேற்பாதத்தை அணைக்கிற தோல் மட்டுமே. அந்த அணைப்பு சரியாக இருந்தால் ஊரெல்லாம் நடக்கலாம். இல்லையென்றால் ஐயாயிரம் டாலர் பூட்ஸும் அலமாரியில்தான் நிற்கும். ஆகவே பூட்ஸின் உயிர் அதன் அச்சில் இருக்கிறது. தொழிலில் லாஸ்ட் என்று சொல்லப்படும் இந்த அச்சு, மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த கால் வடிவம். அதன்மேல் தோலை இழுத்துப் பூட்டித்தான் பூட்ஸ் உருவாகிறது. என்னைக் கேட்டால், கைவேலைக்குக் கொடுக்கும் பணத்தில் முதல் பங்கு அச்சுக்கும், இரண்டாவது பங்கு அடிப்பக்கத்துக்கும் போக வேண்டும். பூவேலை அதற்குப் பிறகு வரட்டும்.

'கைவினை' என்ற சொல்லையும் இங்கேயே பிரித்துப் பார்த்துவிடலாம். கையால் செய்தது என்று முத்திரை குத்திய பூட்ஸ் 250 டாலருக்கும் கிடைக்கிறது, 4,000 டாலருக்கும் கிடைக்கிறது. இரண்டும் பொய் என்று சொல்ல முடியாது. தையல் இயந்திரத்தின் அடியில் தோலைத் திருப்பித் திருப்பிக் கொடுப்பதும் ஒரு மனிதனின் கைதான். ஆனால் தொழிற்சாலையில் அந்தக் கை நாள் முழுதும் ஒரே வேலையை நூறு ஜோடிகளுக்குச் செய்கிறது. தனிக் கைவினைஞரின் பட்டறையில் ஒருவரோ இருவரோ ஒரே ஜோடியைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்கிறார்கள். வேறுபாடு எங்கே தெரியும் என்றால், உள் அடித்தோலில் தெரியும். தொழிற்சாலை முறையில் உள் அட்டையின் அடியில் ஒரு துணி விளிம்பைப் பசையால் ஒட்டி, அதில் இயந்திரம் வெல்ட் என்னும் தோல் வாரைத் தைத்துவிடும். கைமுறையில், தடித்த தோலிலேயே கத்தியால் பள்ளம் வெட்டி, அந்தத் தோலின் உடம்புக்குள்ளேயே மெழுகு பூசிய நூலை இரு ஊசிகளால் இழுத்துத் தைப்பார்கள். பசை சில ஆண்டுகளில் தோற்கும். தோலின் உடம்பில் விழுந்த தையல் பல அடித்தோல்களைப் பார்த்துவிடும்.

இனி வழிகளுக்கு வருவோம்.

எளிதான வழி, பெரிய கடையில் போய் 150 முதல் 300 டாலருக்குள் ஒன்றை வாங்கிவிடுவது. என் முதல் ஜோடி அப்படி வந்ததுதான். எந்தக் கடை, எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பத்து மாதம் கழித்து ஒரு நாள் அடைமழையில் வாகன நிறுத்தத்திலிருந்து அலுவலகம் வரை நடந்தேன். மாலையில் கழற்றிப் பார்த்தபோது உள் அட்டை ஊறிப்போன காகித அட்டை போலப் பிரிந்து வந்தது. அது உண்மையில் அழுத்திச் செய்த அட்டைதான், தோல் அல்ல. செருப்புத் தைப்பவரிடம் கொண்டுபோனேன். திருப்பிப் பார்த்தார், விரலால் தட்டினார். "இது ஒட்டியது. பிரித்தால் மேல்தோலும் கூடவே வரும்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்காக இந்த விலைக்குள் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக்கு இரண்டு முறை விழாவுக்குப் போடுகிறவருக்கு இது போதும். நாள் முழுதும் கான்கிரீட் தரையில் நின்று வேலை செய்கிறவருக்கு, 1993இல் தொடங்கிய ஆரியட் போன்ற நிறுவனங்களின் மெத்தை வைத்த உள் அட்டையும் ரப்பர் அடியும் கைவினைத் தோலைவிட முதல் நாளிலேயே சுகமாக இருக்கும். குதிரை லாயத்தில் சேற்றிலும் சாணத்திலும் நிற்கிறவர் ஏன் விலையுயர்ந்த தோலைப் பாழாக்க வேண்டும்? வளரும் பிள்ளைகளுக்கும் இதுதான் சரி. ஆனால் கைவேலையை ரசித்து வாங்க நினைப்பவர் இந்த இடத்தில் 300 டாலரை மூன்று தடவை செலவழிப்பதைவிட, அடுத்த வழிக்கு ஒரே தடவையாகப் போய்விடலாம்.

அடுத்த வழி, ஆயத்த அளவுகளில் செய்தாலும் அடிப்பக்கத்தில் கைவேலையை விடாத பட்டறைகள். என் கணிப்பில் பெரும்பாலோருக்கு ஏற்றது இதுவே. டெக்சஸின் தென்கோடியில் ரியோ கிராண்டே ஆற்றுப் பள்ளத்தாக்கில் மெர்சிடஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. பூட்ஸ் தொழிலுக்கு அது பேர்போன ஊர். அங்குள்ள ரியோஸ் ஆஃப் மெர்சிடஸ் என்னும் பட்டறை தன் வரலாற்றை 1853இல் மெக்சிகோவின் ஹெனரல் தெரான் ஊரிலிருந்து தொடங்குகிறது. எல்லையோர எல் பாசோ இன்னொரு பூட்ஸ் ஊர்; டோனி லாமா 1911இல் அங்கேதான் கடை போட்டார். லூகேசி நிறுவனம் பிறந்தது எங்கள் சான் அன்டோனியோவில், 1883இல். சிசிலியிலிருந்து வந்த சால்வதோரே லூகேசி இங்கிருந்த ராணுவ முகாமின் அதிகாரிகளுக்குப் பூட்ஸ் தைத்துக் கொடுத்துப் பெயர் எடுத்தார். அந்த நிறுவனமும் பின்னாளில் எல் பாசோவுக்கே போய்விட்டது.

இவற்றின் நல்ல வரிசைகளில் உள் அடித்தோல் தோல்தான், மர ஆணியும் உண்டு, அடுக்கடுக்காகத் தோலை வைத்துக் கட்டிய குதியும் உண்டு. விலை தோராயமாக 500 டாலரில் தொடங்கி 1,000 டாலரைத் தாண்டும். அரிய தோல் என்றால் இன்னும் கூடும். ஒரே நிறுவனத்திலேயே மலிவு வரிசையும் உயர்ந்த வரிசையும் இருக்கும் என்பதால் பெயரை மட்டும் நம்பாமல் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் ஆணி போலத் தெரிவது வெறும் அச்சுப் பதிப்பாக இருக்கும். நகத்தால் கீறினால் தெரிந்துவிடும்.

மெக்சிகோவின் லியோன் நகரத்தையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். குவானஹுவாட்டோ மாநிலத்திலுள்ள அந்த நகரம் அந்நாட்டின் காலணித் தலைநகரம். 2015இல் டெக்சஸின் ஆஸ்டினில் தொடங்கிய டெகோவாஸ் நிறுவனம் தன் பூட்ஸ்களை அங்கே செய்துதான் விற்கத் தொடங்கியது. 'மெக்சிகோவில் செய்தது' என்று முத்திரையில் கண்டால் முகம் சுளிப்பவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். தமிழர்களும் அதில் உண்டு. வருத்தமாக இருக்கும். மாடு மேய்க்கும் தொழிலையும் சேணத்தையும் கயிற்றையும் டெக்சஸ்காரர்கள் கற்றுக்கொண்டதே மெக்சிகோவின் மாடு மேய்ப்பவர்களான வாக்கேரோக்களிடமிருந்துதான். மெர்சிடஸிலும் எல் பாசோவிலும் இந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும் கைகளில் பெரும்பாலானவை மெக்சிகோ வழி வந்தவை. ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பியப் பெயரோடு விலை ஏறுவதைப் பார்த்து வளர்ந்த நாம், ஊர்ப் பெயரை வைத்துக் கைத்திறனை எடைபோடக் கூடாது.

இந்த வழியில் வரும் இடையூறு ஒன்றுதான்: கால் அவர்கள் அச்சுக்குப் பொருந்த வேண்டும். நீளம் எண்ணிலும் அகலம் எழுத்திலும் குறிக்கப்படும். ஆண்களுக்கு டி சாதாரணம், பி ஒடுக்கம், இ.இ. அகலம். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த என்னைப் போன்ற பலருக்கு முன்பாதம் விசிறி போல விரிந்தும் குதி ஒடுங்கியும் இருக்கும். முன்னால் சரியானது பின்னால் தொளதொளக்கும். பின்னால் பிடித்தது முன்னால் கடிக்கும். கடையில் போட்டுப் பார்க்கும்போது மாலை நேரத்தில் போங்கள். பகலெல்லாம் நடந்தபின் கால் சற்றே ஊதியிருக்கும். தினமும் போடுகிற காலுறையோடு போட்டுப் பாருங்கள். இரு இழுப்பு வார்களையும் பிடித்து இழுத்தால், மேற்பாதம் இடுக்கைக் கடக்கும் கணத்தில் ஒரு 'டப்' ஒலியோடு கால் உள்ளே இறங்க வேண்டும். இறங்கிய பிறகு பாதத்தின் அகன்ற பகுதி பூட்ஸின் அகன்ற பகுதியில் உட்கார வேண்டும். விரல்கள் அசைய இடம் இருக்க வேண்டும். புதிய பூட்ஸில் குதி 1/4 அங்குலம் ஏறி இறங்குவது இயல்பு. அடித்தோல் வளையப் பழகியதும் அது நின்றுவிடும். பக்கவாட்டில் கடித்தால் மட்டும் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்ற விற்பனையாளரின் சொல்லை நம்ப வேண்டாம். தோல் கொஞ்சம் நெகிழும், எலும்பு நெகிழாது.

பழைய பூட்ஸ் வாங்குவது மூன்றாவது வழி. இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். புதிதாய் 1,500 டாலர் போன கைவினைப் பூட்ஸ் 200, 300 டாலருக்குக் கிடைத்துவிடும். சான் அன்டோனியோவில் தயாரான காலத்து லூகேசி ஜோடிகளைத் தேடி அலைகிறவர்களும் உண்டு. அடித்தோலும் குதியும் தேய்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், அவை மாற்றத்தக்கவை. கால் மடியும் இடத்தில் மேல்தோல் வறண்டு வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். அதற்கு மருந்து இல்லை. இன்னொன்று, தோலால் ஆன உள் அடி முதல் சொந்தக்காரரின் பாதத்தை நினைவில் வைத்திருக்கும். அவருடைய பெருவிரல் அழுந்திய குழி உங்கள் விரலுக்கு வேறோர் இடத்தில் இருக்கும். என் இரண்டாவது ஜோடி இப்படி வந்தது. அழகான பழுப்பு நிறக் கன்றுத்தோல்; ஒரு மணி நேரத்துக்கு மேல் போட முடியவில்லை. ஆனாலும் கைவேலை என்றால் என்ன என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஜோடிதான். அதன் அடியைப் பிரித்து மாற்றியபோது பட்டறையில் நின்று பார்த்தேன். முப்பது வயதுக்கு மேலான அந்த உட்தையலில் ஒரு கண்ணிகூட விட்டுப்போகவில்லை. (மூன்றாவது ஜோடி, மேலே சொன்ன ஆயத்தப் பட்டறை வழியில் வந்தது.)

நான்காவது வழி, காலை அளந்து தைத்துக்கொள்வது.

டெக்சஸில் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. ஹெச். ஜே. ஜஸ்டின் 1879இல் ஸ்பானிஷ் ஃபோர்ட் என்ற ஊரில் மாடு ஓட்டிச் செல்பவர்களுக்குப் பூட்ஸ் தைக்கத் தொடங்கினார். போகும்போது அளவு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வாங்கிக்கொள்வார்கள். ரயில் வந்ததும் 1889இல் நகோனா ஊருக்கு மாறி, வீட்டிலிருந்தபடியே அளவெடுத்துத் தபாலில் அனுப்பும் முறையை வகுத்தார். அவர் மறைந்தபின் 1925இல் மகன்கள் தொழிலை ஃபோர்ட் வொர்த்துக்கு எடுத்துப்போனார்கள். மகள் ஈனிட் ஜஸ்டின் ஊரைவிட்டு வர மறுத்து, நகோனாவிலேயே தனியாக ஒரு பூட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி நடத்திக்காட்டினார். ஆஸ்டினில் சார்லி டன் என்ற முதுகைவினைஞர் இருந்தார். அவரிடம் வேலை கற்ற லீ மில்லர் 1986இல் அந்தப் பட்டறையை ஏற்றுக்கொண்டார். ஒருவர் கையைப் பார்த்து இன்னொருவர் கை கற்கிறது. இந்தத் தொழில் உயிரோடு இருப்பது அப்படித்தான்.

நான் போன பட்டறை சிறியது. அதை நடத்துகிறவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். என்னை உட்காரச் சொல்லிக் காலுறையைச் சரிசெய்யச் சொன்னவர் அளவெடுக்கத் தொடங்கவில்லை. "எந்தக் கால் உங்களுக்குப் பெரிது?" என்று கேட்டார். நாற்பத்தைந்து வயதுவரை என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. தெரியாது என்றேன். "இடது" என்றார். நான் நடந்து வந்ததைப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

தடித்த காகிதத்தின்மேல் நிற்கச் சொன்னார். இரு காலிலும் சமமாக எடை இருக்க வேண்டும் என்று இடுப்பைப் பிடித்து நேர்செய்தார். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரைந்தார். பிறகு பென்சிலைச் சாய்த்து உள்ளங்கால் குழிவின் அடிவரை ஒரு கோடு. விரல்களின் அடிமூட்டு, இடைப்பாதம், மேற்பாதம், குதியிலிருந்து மேற்பாதத்தைச் சுற்றி, கணுக்கால், கெண்டைக்கால் என்று நாடா ஏறிக்கொண்டே போனது. ஒவ்வோர் இடத்திலும் நாடாவை இறுக்குவார், தளர்த்துவார், கண்ணை மூடி யோசித்துவிட்டு ஓர் எண்ணை எழுதுவார். பெருவிரல் மூட்டில் சற்றே புடைத்திருந்த எலும்பைக் கட்டைவிரலால் அழுத்தி, "வலிக்கிறதா?" என்றார். இல்லை என்றேன். "இப்போது இல்லை" என்று சொல்லி அந்த இடத்தில் காகிதத்தில் ஒரு சிறு வட்டம் போட்டார்.

அடுத்த முறை போனபோது என் அச்சைக் காட்டினார். ஆயத்த அச்சின்மேல் அங்கங்கே தோல் துண்டுகளை ஒட்டி, தேய்த்து, என் பாதமாக மாற்றியிருந்தார். பெருவிரல் மூட்டில் நகம் அளவுக்கு ஒரு துண்டு. இடது அச்சில் மேற்பாதத்தில் வலதைவிடக் கூடுதலாக ஒரு படலம். என் உடம்பில் நான் கவனிக்காத ஒன்றை வேறொருவர் இவ்வளவு பொறுமையாகக் கவனித்திருக்கிறார் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது. கூடுதல் விலை இதற்குத்தான். அந்த அச்சு அவரிடமே இருக்கும். அடுத்த ஜோடிக்கு மறுபடி அளக்க வேண்டியதில்லை.

விலை என்று பார்த்தால், அளந்து தைக்கும் பூட்ஸ் பெரும்பாலும் 1,500 டாலருக்கு மேல்தான் தொடங்கும். பெயர்பெற்ற கைகளிடம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு போகும். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்பது வழக்கம். காத்திருப்பு சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகள் வரை. சிலர் முதலில் மலிவான தோலில் ஒரு வெள்ளோட்ட ஜோடி தைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். அப்படிச் செய்பவர் கிடைத்தால் நேரம் ஆனாலும் அவரிடமே கொடுங்கள். தபாலில் அளவு அனுப்பும் முறை இன்றும் உண்டு. முதல் ஜோடிக்கு அதை நான் சொல்ல மாட்டேன். என் வட்டத்தை அந்தப் பெரியவர் போட்டது தன் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்துத்தான்.

கைவினைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் செய்த புதுப் பூட்ஸைவிட, பழுதுபார்க்கத் திரும்பி வந்திருக்கும் அவருடைய பழைய பூட்ஸைக் காட்டச் சொல்லுங்கள். பத்து ஆண்டு கழித்தும் தண்டு நேராக நிற்கிறதா, பக்கத் தையல் முன்னுக்கோ பின்னுக்கோ திரும்பாமல் இருக்கிறதா, குதி உள்பக்கம் சாயாமல் இருக்கிறதா என்று பாருங்கள். இரு பூட்ஸையும் அருகருகே வைத்தால் இடது தண்டின் தையல் வலது தண்டின் தையலுக்குக் கண்ணாடி பிடித்தது போல இருக்க வேண்டும்.

தோலைப் பற்றிச் சில வார்த்தைகள், ஏனென்றால் பணம் அதிகம் கரைவது இங்கேதான். முதல் ஜோடிக்கு மாட்டுத்தோல் அல்லது கன்றுத்தோலே போதும் என்பது என் உறுதியான கருத்து. கங்காருத் தோல் மெல்லியது, தன் கனத்துக்கு மிக வலுவானது, காலுக்குக் காலுறை போல இருக்கும். தீக்கோழித் தோல் முதல் நாளிலேயே மென்மை. இறகு இருந்த இடத்துப் புடைப்புகளே அதன் அழகு. அதைப் போலவே மாட்டுத்தோலில் அச்சு அழுத்தியும் விற்பார்கள். உண்மையான தோலில் புடைப்புகள் ஒழுங்கற்றுச் சிதறியிருக்கும், ஒவ்வொன்றின் நடுவிலும் நுண்ணிய துளை இருக்கும்; அச்சழுத்தியதில் ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும். முதலை வகையில் கெய்மன் மலிவு, அலிகேட்டர் விலை அதிகம். கெய்மனின் செதில்களுக்குள் எலும்புத் தட்டுகள் இருப்பதால் வளையும் இடத்தில் விறைப்பு. அலிகேட்டரின் வயிற்றுத்தோல் இணக்கமாக மடியும். கலிஃபோர்னியாவில் இருப்பவர்கள் கவனிக்க: கங்காரு, மலைப்பாம்புத் தோல் பொருள்களின் விற்பனைக்கு அங்கே சட்டத் தடை உண்டு. காட்டு விலங்குத் தோல்கள் பல பன்னாட்டு ஒப்பந்தக் கட்டுப்பாட்டுக்குள் வருவதால், ஊருக்குப் போகும்போது போட்டுக்கொண்டு போக நினைப்பவர்களும் மாட்டுத்தோலோடு நிற்பதே நிம்மதி.

குதியையும் முனையையும் தேர்ந்தெடுப்பதில் குழப்பம் வேண்டாம். குதிரை ஏறாதவருக்கு ஒன்றரை அங்குலத்து நடைக்குதியோ அதைவிடத் தாழ்ந்த ரோப்பர் குதியோ சரி. உள்நோக்கிச் சாய்ந்த இரண்டு அங்குலக் குதி சேணத்துக்கு உரியது. அலுவலகப் படிக்கட்டுக்கு ஆகாது. கூர்முனை என்றால் விரல் நசுங்கும் என்ற பயமும் தேவையில்லை. நல்ல அச்சில் அந்தக் கூர் விரல்களைத் தாண்டித்தான் தொடங்கும்.

அப்படியானால் யார் எதை வாங்கலாம்? ஆயத்தக் கடையில் மூன்று நான்கு அகலங்களைப் போட்டுப் பார்த்து ஏதாவது ஒன்று 'டப்' என்று இறங்கினால், மெர்சிடஸ் அல்லது எல் பாசோவின் நல்ல வரிசையில் வேலைப்பாடு குறைந்த ஒரு ஜோடியை வாங்கி ஓராண்டு போடுங்கள். அதுவே உங்களுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டு வரலாம். அளந்து தைக்கும் ஆசை அதற்குப் பிறகும் இருந்தால் அப்போது போகலாம். எதுவுமே பொருந்தாத கால் என்றால் இடையில் நின்று பணத்தைச் சிதறவிட வேண்டாம். நேராக அளவெடுப்பவரிடம் போய், தண்டில் இரண்டே வரிசைத் தையல் போதும், பூவேலை வேண்டாம், கன்றுத்தோல் போதும் என்று சொல்லிவிடுங்கள். அவர் முகம் வாடாது. நான் அப்படிச் சொன்னபோது என் கைவினைஞர் சிரித்துக்கொண்டே, "நல்லது, எனக்கும் உட்தையலுக்கு நேரம் கிடைக்கும்" என்றார். கையில் பாதித் தொகையும் மனத்தில் 2,000 டாலர் ஆசையும் இருப்பவர்கள் கடன் அட்டையைத் தேய்க்காமல் முன்பணம் கொடுத்து வரிசையில் நின்றுவிடலாம். காத்திருக்கும் காலத்தில் மீதியைச் சேர்த்துவிட முடியும்.

வாங்கியபின் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். இரண்டு நாள் தொடர்ந்து போடாமல் ஒரு நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். தோல் குடித்த வியர்வை வெளியேற அவ்வளவு நேரமாவது ஆகும். நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். அடுப்பருகிலோ வெயிலிலோ வைத்தால் தோல் வெடித்துவிடும். அடித்தோல் முழுதும் ஓட்டையாகும்வரை காத்திராமல், நடுவில் அழுத்தினால் மெத்தென்று உள்வாங்கத் தொடங்கும்போதே மாற்றக் கொடுத்துவிடுங்கள். வெல்ட் தேய்ந்துவிட்டால் வேலை இரட்டிப்பாகும்.

என் ஜோடிக்கு இது ஏழாவது ஆண்டு. சென்ற மாதம் இரண்டாவது முறையாக அடித்தோல் மாற்றினேன். பழைய தோலைப் பிரித்ததும் அந்தப் பெரியவர் விளக்கருகே பூட்ஸை நீட்டி உள்ளே பார்க்கச் சொன்னார். உள் அடித்தோலில் என் ஐந்து விரல்களும் தனித்தனிக் குழிகளாகப் பதிந்திருந்தன. பெருவிரல் மூட்டுக்கு அவர் விட்ட இடத்தில், அந்த எலும்பு இந்த ஏழு ஆண்டுகளில் வளர்ந்து சரியாக வந்து உட்கார்ந்திருந்தது.